காலாவதி என்று வந்த கடிதம்

எங்கள் குடியேற்றத்துக்குக் ‘காலாவதி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் சுகாதாரப் பரிசோதகர். அதற்கு முன் அந்தச் சொல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பாண் பூஞ்சணம் பிடிக்கும், மீன் நாறும், எண்ணெய் காறிப்போகும், பால் திரியும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் சொல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் முடித்துவைக்கலாம் என்று அரசாங்கத்துக்குத்தான் தோன்றியிருக்கிறது.

புத்தளத்திலிருந்து கற்பிட்டி போகும் பாதையில், மாம்புரிக்குக் கொஞ்சம் இப்பால், தென்னந்தோட்டங்களுக்கும் களப்புக்கும் நடுவே நாங்கள் இருந்தோம். எல்லாரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். கிடுகுக் கொட்டில்கள் ஒவ்வொன்றாகக் கல்வீடாகிக்கொண்டிருந்த காலம் அது. கல்வீடான ஒவ்வொன்றுக்கும் பின்னால் குவைத்திலோ சவூதியிலோ ஒரு பெண் இருந்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பெண் என் உம்மா. அவர் போகும்போது எனக்கு ஆறரை வயது, தம்பிக்கு ஒன்று. எங்கள் இருவரையும் உம்மாவின் தங்கையான சாச்சி பார்த்துக்கொண்டார். வாப்பா மாம்புரியில் வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்தார்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், சந்திக் கடைக்குச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு பொலிஸ்காரருடன் வந்தார். கடைக்காரர் வெளுத்துப்போய் நின்றார். பரிசோதகர் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி, அடியைப் பார்த்து, “காலாவதி” என்று சொல்லி ஒரு பக்கம் வைத்தார். பால்மா, டின்மீன், கிறீம் பிஸ்கட். பள்ளிக்கூடம் விட்டு வந்த நாங்கள் வேலியோரம் நின்று பார்த்தோம். கடைக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டினார்கள். எல்லாவற்றையும் அதில் கொட்டி, மேலே மண்ணெண்ணெய் ஊற்றி, மண் போட்டு மிதித்து மூடினார்கள். அந்தக் கிறீம் பிஸ்கட்டை நான் அதுவரை கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன். 

வீட்டுக்கு வந்து சாச்சியிடம் கேட்டேன். “சாச்சி, காலாவதி எண்டா என்ன?”

சாச்சி சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். “அதுட காலம் முடிஞ்சி பெய்த்து எண்டு அர்த்தம்.”

“மவுத்தாப் போற மாதிரியா?”

“ஓம், பிஸ்கட்டுக்கு வாற மவுத்துதான் காலாவதி” என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புதைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் நான். வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற பெண் தினமும் ‘காலமானார்’ என்று சொல்வதையும் கேட்டிருந்தேன். காலமானார், காலாவதியானார், இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்து அந்தச் சொல்லை மனதில் பூட்டிவைத்தேன்.

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டுந்தான். வாப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். சாச்சி குர்ஆனை ஒரு பிசகுமில்லாமல் ஓதுவார்; தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் கண்ணைச் சுருக்குவார். அதனால் உம்மாவின் கடிதங்களை உடைக்கிற உரிமையும் வாசிக்கிற உரிமையும் எனக்கே வந்துவிட்டன. மாதம் ஒரு கடிதம் வரும். வெள்ளிக்கிழமைகளில் சந்தியிலிருந்த கொமியூனிகேஷன் கடைக்கு உம்மா டெலிபோனும் எடுப்பார். ஆனால் அந்தச் சமயம் இரண்டு மாதமாகக் கடிதமும் இல்லை, டெலிபோனும் இல்லை. வாப்பா ஜும்ஆ முடிந்ததும் நேரே அந்தக் கடைக்குப் போய், பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். 

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. நீளமான மண்ணிற உறை, தட்டச்சு எழுத்து. உம்மாவை அனுப்பிவைத்த ஏஜென்சியிலிருந்து வந்திருந்தது. தபால்காரர் உடப்பு ஊர்க்காரர். எங்கள் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். எப்போதும் மணியடித்து, “பிள்ள, குவைத்து வந்திருக்கு” என்று கூப்பிடுவார். அன்று உறையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

சாச்சி திருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “வாசி, வாசி, ராத்தா என்ன எழுதிரிக்கா எண்டு பாப்பம்” என்றார். நான் முற்றத்தில் நின்றபடி, வானொலியில் செய்தி வாசிப்பவரைப்போல் குரலை உயர்த்தி, ஒரு சொல்லுக்கும் திக்காமல் வாசித்தேன். எனக்கு விளங்கியதோ இல்லையோ, என் வாசிப்பு எனக்கே பிடித்திருந்தது. அந்த வரி இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்:

“குவைத் நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாகக் கடமையாற்றும் மேற்படி நபரின் வதிவிட அனுமதி காலாவதியாகியுள்ளது என்பதை இத்தால் வருத்தத்துடன் அறியத்தருகின்றோம்.”

தேங்காய்ச் சத்தம் நின்றது.

“கடைசியில என்ன சொன்ன?”

“வருத்தத்துடன் அறியத்தருகின்றோம்.”

“அதுக்கு முன்ன?”

“காலாவதியாகியுள்ளது.”

“ஆரு?”

நான் கடிதத்தைப் பார்த்தேன். “மேற்படி நபர்.”

“அது ஆருடி?”

மேலே பார்த்தேன். உம்மாவின் முழுப்பெயரும் அதன் கீழே பாஸ்போர்ட் இலக்கமும் இருந்தன. “உம்மா” என்றேன்.

அதைச் சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கு விளங்கியது. அதுவரை வாய் மட்டும் வாசித்திருக்கிறது. குழியும் மண்ணெண்ணெய் மணமும் மிதித்து மூடிய மண்ணும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன.  சாச்சியின் கையிலிருந்த தேங்காய்ப் பாதி உருண்டு கோழிகளுக்குள் போனது. “என்ட ராத்தா!” என்று அவர் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறின. அப்படியொரு சத்தத்தை ஒரு மனித வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். சாச்சி மண்ணில் விழுந்து புரண்டுகொண்டிருந்தார். யார் கேட்டாலும் அவர் என்னைக் கைகாட்டினார். நான் கடிதத்தைக் காட்டினேன். அப்படிப்பட்ட கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. பள்ளிவாசல் மோதினார் மட்டும் வந்து, கடிதத்தை என் கையிலிருக்கும்போதே குனிந்து பார்த்தார். உம்மாவின் பெயர் தெரிந்தது, ‘வருத்தத்துடன்’ தெரிந்தது. அவருக்கு அது போதுமாயிருந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. “ஜனாஸா அறிவித்தல்” என்று தொடங்கி, வாப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவி என்று உம்மாவின் பெயரைச் சொன்னார். நல்லடக்கம் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும் என்றார். உம்மாவின் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தென்னந்தோட்டத்துக்கு மேலால், களப்புக்கு மேலால், அது போய்க்கொண்டே இருந்தது.

யாரோ ஒருவர் என் தலையைத் தம் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். யாரோ முற்றத்தில் பாய் விரித்தார்கள். பக்கத்து வீட்டில் மையத்து வீட்டுக்கென்று பெரிய சட்டியில் உலை வைத்துவிட்டார்கள். உம்மாவின் முகமே நினைவில்லாத தம்பி, இவ்வளவு பேர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் ஆளுக்கு ஆள் தாவிக்கொண்டிருந்தான். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. நான் வாய் திறந்து வாசித்ததால்தான் இதெல்லாம் நடந்தது, வாசிக்காமல் விட்டிருந்தால் உம்மா இன்னும் இருந்திருப்பார் என்ற எண்ணம் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தை உறைக்குள் திரும்பப் போட்டேன். வெளியே எடுத்தேன். திரும்பவும் போட்டேன்.

வாப்பா தோட்டத்தில் நின்றபடியே ஒலிபெருக்கியைக் கேட்டிருக்கிறார். யாரோ ஒருவரின் லேன்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அது நிற்க முதலே குதித்து வந்தார். தலையில் வெங்காயச் சருகு, முழங்கால்வரை சிவந்த மண். கூட்டம் விலகியது. எல்லாரும் அவர் விழுவார் என்று எதிர்பார்த்து இரண்டு ஆண்கள் பக்கத்தில் போய் நின்றார்கள். அவர் விழவில்லை. நேரே என்னிடம் வந்து முன்னால் குந்தினார்.

“நீங்களா மகள் வாசிச்ச?”

“ஓம் வாப்பா.”

“இன்னொருக்கா வாசிங்க.”

“என்ன மச்சான் புள்ளயப் போய்” என்று சாச்சி பாயிலிருந்து கதறினார். வாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. “வாசிங்க மகள். மெதுவா. ஒரு சொல்லும் விடாம” என்றார். அவருடைய முகத்தை அவ்வளவு கிட்ட நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்கள் என் வாயிலேயே நின்றன.

வாசிக்கமாட்டேன் என்று தலையாட்டினேன். இன்னொரு தரம் வாசித்தால் உம்மா இன்னொரு தரம் மவுத்தாகிவிடுவார் என்று பயந்தேன். வாப்பா என் இரண்டு தோள்களையும் பிடித்தார்.  நான் கடிதத்தை விரித்தேன். இப்போது வானொலிக் குரல் வரவில்லை. எழுத்துக்கூட்டி, மூச்சு முட்டி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.  ‘வதிவிட அனுமதி காலாவதியாகியுள்ளது’ என்ற இடத்துக்கு வந்தபோது வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“பொறு பிள்ள. அந்த இடத்தத் திருப்பி வாசி.”

தபால்காரர். அறிவித்தலைக் கேட்டதும், தான் கொடுத்த கடிதந்தான் என்று விளங்கி, பாதி வழியிலிருந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“என்ன காலாவதியாகியிருக்கு?”

“மேற்படி நபரின் வதிவிட அனுமதி.”

அவர் கடிதத்தை வாங்கி முழுவதையும் தனக்குள் வாசித்தார். பிறகு இன்னொரு முறை வாசித்தார். உதடு மட்டும் அசைந்தது. எல்லாரும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நானா, உங்கட மனுசி மவுத்தாகல்ல. விசாதான் முடிஞ்சிருக்கு. ஆள் காலாவதியாகாது, கடதாசிதான் காலாவதியாகும்.”

 சாச்சி பாயிலிருந்து எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வைத்த கையாலேயே என்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அழுதார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. அடி வலித்ததால் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மோதினாருக்குத்தான் பெரிய சங்கடம். ஜனாஸாவை அறிவிக்க முறை இருக்கிறது, திருப்பி எடுக்க முறை இல்லை. ஒலிபெருக்கி வெகுநேரம் கரகரத்துக்கொண்டே இருந்தது. கடைசியில், “சற்று முன் சொன்னது பிழை. அவ ஹயாத்தோட இரிக்கா. அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி அவசரமாக நிறுத்திவிட்டார். முற்றத்தில் ஒரு பெண் சிரித்தாள். அது எல்லாரையும் தொற்றிக்கொண்டது. அழுது வீங்கிய முகங்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “பிஸ்கட்டுக்கு வாற மவுத்து” கதையைச் சாச்சியே எழுந்து நின்று நடித்துக்காட்டினார். மையத்து வீட்டுக்கென்று சமைத்த சோறு வெந்து வந்தது. மீன் ஆணம் வந்தது. அதே பாயில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். நான் நடுவில் உட்கார்த்தப்பட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குக் காலாவதி என்று பெயர் வந்தது, ஓ.எல். பரீட்சை முடியும்வரை அது போகவில்லை.

அந்தச் சாப்பாட்டில் இரண்டு பேர் சேரவில்லை. வாப்பாவும் தபால்காரரும் வேலியோரம் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வாப்பாவுக்குச் சோற்றுக் கோப்பையைக் கொண்டுபோன நான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“விசா இல்லாம இரிக்கிறது அங்க குத்தமா?” என்று வாப்பா கேட்டார்.

“ஓம் நானா. வெளிய வந்தா பிடிப்பாங்க.”

“அப்ப ஊருக்கு வரேலாதா?”

“வேலைக்கு வெச்ச வீட்டுக்காரன்தான் புதுப்பிக்கோணும். பாஸ்போட்டும் அவன்ட கையிலதான் இருக்கும். ஏஜென்சிக்காரங்க தங்கட பொறுப்பு முடிஞ்சிதெண்டுதான் எழுதியிருக்காங்க.”

“அவன் புதுப்பிக்காட்டி?”

தபால்காரர் சைக்கிள் மணியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தது. வாப்பா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சோற்றை வாங்கவில்லை. என் மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “வாப்பா, உம்மா மவுத்தாகல்லதானே?” என்றேன். “ஓம் மகள், மவுத்தாகல்ல” என்றார். நல்ல செய்தியைச் சொல்கிறவரின் குரல்போல அது இருக்கவில்லை.

வீட்டுக்காரன் புதுப்பிக்கவில்லை. உம்மாவை வெளியே விடவுமில்லை, ஊருக்கு அனுப்பவுமில்லை. அங்குள்ள அரசாங்கம் ஒரு பொது மன்னிப்புக் கொடுத்து, அவர் கையில் ஒரு சிறு பையோடு கட்டுநாயக்கவில் வந்து இறங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. வாப்பா கைகாட்டித்தான் அவர் யாரென்று நான் அறிந்தேன். அந்த நாலு வருடத்தில் மூன்றே மூன்று தடவை உம்மாவின் குரலைக் கேட்டோம். அங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணின் டெலிபோனில், வீட்டுக்காரர்கள் இல்லாத நேரம் பார்த்து, ஒளித்து எடுப்பார்.

முதல் தடவை, கடிதம் வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு. அது வெள்ளிக்கிழமை, வாப்பா கடை வாங்கில்தான் இருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். மணி அடித்ததும் கடைக்காரர் எடுத்து, “நானா, குவைத்து!” என்றார். வாப்பா எழுந்தார். ரிசீவரை வாங்கி, என்ன நினைத்தாரோ, என் கையில் தந்தார். “முதல்ல நீங்க கதைங்க மகள். நான் பொறகு கதைக்கிறன்.”

நான் ஒரு மாதமாகக் காத்திருந்த சந்தர்ப்பம். சுகம் கூட விசாரிக்காமல் கதையைத் தொடங்கிவிட்டேன். கடிதம், சாச்சி, தேங்காய், மோதினார், சோறு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். உம்மா சிரித்தார். நன்றாகச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

“என்ட பேரப் பள்ளிவாசல்ல சொன்னாங்களா?”

“ஓம் உம்மா. களப்புக்கு அங்கால கேட்டிரிக்கும்.”

“ஆரெல்லாம் அழுதாங்க?”

நான் வரிசையாகச் சொன்னேன். சாச்சி, பக்கத்து வீட்டார், மோதினாரின் மனைவி, பெயர் தெரியாத இரண்டு பேர். அவர் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார்.

“வாப்பா அழுதாரா?”

“இல்ல உம்மா. வாப்பா அழல்ல. இன்னொருக்கா வாசிங்க எண்டு சொன்னாரு.”

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. “உம்மா” என்றேன். “ஹலோ” என்றேன். மூன்று தரம் கூப்பிட்டேன். கடல் கடந்து வருகிற டெலிபோன் இப்படி இடையில் நின்றுபோவது வழக்கம் என்று எனக்குத் தெரியும். ரிசீவரை அதன் இடத்தில் வைத்தேன்.

“கட்டாப் பெய்த்து வாப்பா.”

வாப்பா என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உள்ளேயிருந்து வந்த ஊங்காரம் எனக்கும் கேட்டது. திரும்ப எடுக்க எங்களிடம் இலக்கம் இல்லை. கடைக்காரர் கணக்குக் கொப்பியைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

அந்த முனையில் உம்மா, அழுகைச் சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாப்பா சொல்ல வைத்திருந்ததைச் சொல்ல இன்னும் பதினொரு மாதம் காத்திருக்க வேண்டிவரும் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கதையை நன்றாகச் சொல்லிவிட்டேன் என்பதும், வெயில் சுடுகிறது என்பதும், பசிக்கிறது என்பதும்தான். ஊங்காரத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவரின் சாரத்தைப் பிடித்து இழுத்து, “போவமா வாப்பா?” என்றேன்.